வெள்ளிக்கிழமை ஊசி

மார்ச் 5, புதன்

தின்ற முட்டையையும் தூக்கிய எடையையும் எழுதத்தான் இந்த டைரியை வாங்கினேன். இன்றைக்கு இரண்டும் சரியில்லை. கோயம்புத்தூர் போய்விட்டு வந்தேன். என் ஜிம்முக்கு மெஷின் பார்க்கப் போவதாக வீட்டில் மேகலாவிடம் சொல்லியிருந்தேன். போன இடம் வேறு.

அந்த டாக்டருக்கு என் வயதுகூட இருக்காது. முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டிய மாதிரி ஓர் ஆள். பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட இல்லைங்க சார்" என்றான். மளிகைக் கடையில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்கிற குரல். மாவட்ட ஆணழகன் மேடையில் எண்பது கிலோ பிரிவில் நின்றவன் நான். என் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லையாம்.

"ஜிம் ஊசி ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் தோளைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், மறுபடியும் அதையே கேட்டான். போலீஸ் உத்தியோகத்துக்குப் போகவேண்டிய பயல்.

"போடறீங்கன்னா முதல்ல நிறுத்துங்க. ஆண் ஹார்மோன் வெளியில இருந்து வந்துகிட்டே இருந்தா, உடம்பு உயிரணு தயாரிக்கறதை விட்டுரும். நிறுத்திட்டா பல பேருக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்துல திரும்பி வருது. உங்களுக்கு வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறுத்தாம வராது."

நிறுத்தச் சொல்வது சுலபம். நிறுத்தினால் இந்தத் தோள் எங்கே போகும், இந்த மார்பு எங்கே போகும்? மே கடைசியில் மாநிலப் போட்டி. போன வருடம் அந்தக் குமாரபாளையம் ஷாநவாஸ் என் முன்னால் கோப்பையைத் தூக்கிச் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் எரிகிறது. டாக்டருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்.

பேப்பரை பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஊசி நாள். மேகலா தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, தலையில் சுற்றிய ஈரத் துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்தாள். மருந்து எண்ணெய் மாதிரி கெட்டியானது. குப்பியை வெந்நீர் டம்ளரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் சிரிஞ்சில் ஏறும். அதெல்லாம் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டுப் பழகியவள். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் நானே போட்டுக்கொண்டால் கன்றி வீங்கிவிடும். இவள் போட்டால் கொசு கடித்த அளவுதான். கல்யாணமான இரண்டாவது மாதத்திலிருந்து இவள்தான் போடுகிறாள். வைட்டமின் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்க, இதப் பொம்பளைங்களும் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டாள். "எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தா, ஒருவேளை கரு நிக்குமோ என்னமோ."

"உனக்கெதுக்கு. கம்முனு போடு" என்றேன்.

போட்டாள். பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டாள். தோசை ஊற்றப் போய்விட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. போகாமல் இருந்திருக்கலாம். மண்டபத்தில் கால் வைத்ததிலிருந்து ஒவ்வொருத்தரும் "உங்க வீட்டுல எப்பங்க விசேஷம்?" என்று கேட்கிறார்கள். ஊரில் வேறு வேலை இல்லையா இவர்களுக்கு? தறி நின்றுவிட்டதா, கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டாமா?

வளையல் போடச் சுமங்கலிகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். மேகலா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து, "நீ போய்ப் பந்தியப் பாரு கண்ணு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மைக்செட் அப்போது பார்த்து நின்றிருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

பெரியம்மா ஒருத்தி அம்மாவிடம் ஏதோ கேட்க, அம்மா என்னைக் கை காட்டிச் சொன்னாள்: "என்ற பையம் மேல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. பாருங்க, மலையாட்டம் நிக்கறான். எல்லாம் இவளுக்குத்தான் என்னமோ."

அந்தப் பெரியம்மா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா சாமி, கல்லாட்டம் இருக்குது" என்றாள். சந்தையில் மாடு பிடித்துப் பார்க்கிற கூட்டம். நான் என்ன சொல்லியிருக்க முடியும் அந்த இடத்தில்? இலை போட்டுவிட்டார்கள், போய் உட்கார்ந்தேன். சாதத்தை ஒதுக்கிவிட்டுப் பொரியலும் கூட்டும் மட்டும் தின்றேன்.

வீட்டுக்கு வந்தும் மேகலா அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மேகலாவுக்குச் சாயம் விட்டு எக்ஸ்ரே. இன்றைக்கு எனக்கு மார்புப் பயிற்சி நாள். காலையெல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து போயிற்று. உள்ளே அவள் கத்தினது வெளியே கேட்டது. பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தான். நான் போனைப் பார்த்தேன்.

ஒரு பக்கக் கருக்குழாய் அடைத்திருக்கிற மாதிரி தெரிகிறதாம், நிச்சயமில்லையாம். தொப்புளில் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். மே 12க்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்தம்மா டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க டெஸ்ட் பார்த்தாச்சா?" என்றார்.

"கோயம்புத்தூர்ல பார்த்தேங்க. நார்மல்" என்றேன்.

"பேப்பரைக் கொண்டுவாங்க" என்றார். கொண்டுவருகிறேன் என்றேன். தினம் நூறு பேரைப் பார்க்கிறவர், மறந்துவிடுவார்.

பஸ்ஸில் மேகலா என் தோளில் சாய்ந்துகொண்டு, "உங்களுக்காவது ஒண்ணும் இல்லையே, அதுவே போதும்" என்றாள். எரிச்சலாக இருந்தது. இந்த மாதிரிப் பேச்சுக்கு யார் பதில் சொல்வது?

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் ஊசி. சாயங்காலம் ஜெகன் ஜிம்முக்கு வந்தான். ஜிம்முக்குப் புரோட்டீன் பவுடர் சப்ளை செய்கிறவன். மற்றதும் இவன் மூலமாகத்தான் வருகிறது. யாரோ ஒரு சிநேகிதனுக்கு என்று, கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதைச் சொல்லி யோசனை கேட்டேன். ஜெகன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சிநேகிதன் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பல்லை உடைக்கலாம் போல இருந்தது.

"மாஸ்டர், அந்தச் சிநேகிதர் எதுக்கு நிறுத்தணும்? குளூட்டாதயோன்னு ஒண்ணு இருக்குது. ஆன்டி ஆக்சிடன்ட். டிரிப்பா ஏத்துவாங்க. ஊசியால ஏறுன அழுக்கையெல்லாம் ஈரல்ல இருந்து கழுவி எடுத்துரும். உயிரணு குபுகுபுன்னு வரும். இதுவும் ஓடும், அதுவும் ஓடும்."

"அது வெள்ளையாகறதுக்குப் பொண்ணுங்க போட்டுக்கறதில்லையா?"

"அது வேற டோஸ் மாஸ்டர்."

இவன் பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். டோஸ் பேசுகிறான். ஆனால் இவ்வளவு நாள் இவன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த உடம்பு வந்தது.

ஏப்ரல் 9, புதன்

ஜிம்மைச் சீக்கிரம் பூட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று முடிவு பண்ணுகிற ஆள் இல்லை நான்.

போட்டுக்கொண்டால் என்ன லாபம்? ஜெகன் சொல்வது பாதி உண்மையாக இருந்தால்கூட, எதையும் நிறுத்த வேண்டாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். மே 12க்கு முன்னால் கரு நின்றுவிட்டால் மேகலா வயிற்றில் துளை போடவும் வேண்டாம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். அவளைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போனில் தேடிப் பார்த்தேன். ஒருத்தன் அமிர்தம் என்கிறான். இன்னொருத்தன் ஈரல் போய்விடும், அலர்ஜி வந்து மூச்சு நின்றுவிடும் என்கிறான். வேறொரு இடத்தில், ஆன்டி ஆக்சிடன்ட்டால் உயிரணு கொஞ்சம் கூடியதாகச் சில சின்ன ஆராய்ச்சிகள் உண்டு, குழந்தை பிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று இருந்தது. அதுவும் கொஞ்சமாவது உயிரணு இருக்கிறவர்களுக்கு. ஒன்றுகூட இல்லாதவனைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. படித்தவர்கள் எழுதுவதெல்லாம் இப்படித்தான். இருக்கு, ஆனா இல்லை.

இன்னொரு தொல்லை, நிறம். போட்டிக்கு முன்னால் நாங்கள் உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசிக்கொள்வோம். கறுத்திருந்தால்தான் மேடை விளக்கில் தசை வெட்டு வெட்டாகத் தெரியும். டிரிப் ஏற்றி நான் கல்யாணப் பெண் மாதிரி வெளுத்துப்போனால், ஷாநவாஸ் மேடையிலேயே கேட்பான், எந்த பியூட்டி பார்லர் என்று.

நிறுத்துவதைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இந்த உடம்பைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? டிப்ளமோவைப் பாதியில் விட்ட ஒருத்தன். கோபி கடைவீதியில் நடந்தால் "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்களே, அது யாரை? வீட்டில் ஒரு பிள்ளை ஓடினால் கடைவீதியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஊசி. கால் பயிற்சி.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மேகலாவின் அண்ணன் வந்திருந்தான். லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறவன். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது, "ஆபரேசனுக்கு முன்னாடி மாப்பிள்ளையும் இன்னொருக்காப் பார்த்துக்கலாமுங்களே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் எழுந்து நின்றேன். அவன் உட்கார்ந்தபடியே என் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாக்கை மென்றான். அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

அவன் போனதும் அம்மா, "அவன் தங்கச்சி கொறைய மறைக்க உன்ற மேல பழி போடறான்" என்று ஆரம்பித்தாள். மேகலா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஊசி. மேகலா, "ஆபரேசன் முடிஞ்சு எந்திரிக்க ஒரு வாரம் ஆகுமாமுங்க, அந்த வெள்ளிக்கெழம யாரு போடறது?" என்று கவலைப்பட்டாள். மயக்க மருந்து இவளுக்கு, கவலை என் பின்பக்கத்தைப் பற்றி. இதற்கெல்லாம் கோபப்படக்கூடாது. ஆனாலும் கோபம் வந்தது.

டிரிப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஜெகன் ஈரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். முதல் தடவை தலை சுற்றினாலும் சுற்றும், கூட ஒரு ஆள் வேண்டும் என்றான். போட்டிக்குச் சத்து டிரிப் என்று மேகலாவிடம் சொல்லியாயிற்று.

மே 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். யார் மேல் தப்பு என்பது படித்தால் தெரியும்.

அந்த கிளினிக் முழுக்கக் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்கள். சுவரில் ரோஜாப்பூப் படம். நடுவில் நான் ஒருத்தன், நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட முடியாமல். மேகலா எலுமிச்சை ஜூஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம். நான் அவளை எங்கேயும் கூட்டிப்போவதில்லை.

டாக்டர் ஒரு சின்னப் பெண். உள்ளே போனதும் வழக்கமான கேள்விகள். சர்க்கரை இருக்கா, ஆஸ்துமா இருக்கா, அலர்ஜி இருக்கா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "வேற ஏதாவது மருந்து, ஊசி எடுத்துக்கறீங்களா?" என்றாள். இல்லை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மேகலா முந்திக்கொண்டாள்.

"வைட்டமின் ஊசி போடறாருங்க. வாராவாரம் வெள்ளிக்கெழம. நாந்தானுங் போட்டுடறேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி.

"என்ன வைட்டமின்?"

"ஏய், கம்முனு இரு" என்றேன்.

"இருங்க, எனக்குப் பேரு தெரியும்" என்று அவள் குப்பியில் போட்டிருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறாள், தெரியாமல் இருக்குமா? டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இவள் இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

"எவ்வளவு நாளா?"

"கல்யாணமான ரெண்டாவது மாசத்துல இருந்துங்க. மூணு வருசம் ஆகப்போகுது."

"குழந்தை இருக்கா?"

மேகலா இல்லை என்று தலையாட்டினாள். "திங்கக்கெழம எனக்குக் கேமரா ஆபரேசனுங்க. என்ற குழாயில அடைப்பு."

அந்த டாக்டர் பெண்ணுக்கு வாயை மூடத் தெரியவில்லை. படிப்பிலேயே அதைச் சொல்லித்தர வேண்டும். என்னைப் பார்க்காமல் மேகலாவைப் பார்த்துப் பேசினாள். "அது வைட்டமின் இல்லைங்க. ஆண் ஹார்மோன். அது போய்க்கிட்டிருக்கற வரைக்கும் இவருக்கு உயிரணு உற்பத்தி ஆகறதே கஷ்டம். முதல்ல இவருக்கு டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஆபரேசன் எதுக்கு?"

"அவரு டெஸ்ட் பண்ணிட்டாருங்க. நார்மல்" என்றாள் மேகலா. என் பக்கம் திரும்பினாள். "நார்மல்தானுங்?"

டிரிப்பைப் போடுங்கள், நேரமாகிறது என்றேன். அந்தப் பெண், "நான் போட மாட்டேன் சார். அதை நிறுத்தாம இதை ஏத்தறதுல அர்த்தமில்லை. இதை நம்பி நீங்க நாளைக் கடத்துவீங்க, அதுதான் நடக்கும்" என்றாள். காசு கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்புகிற கிளினிக்கை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பைக் கவுந்தப்பாடியைத் தாண்டியது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

"வெளக்கேத்திட்டு, சாமி கும்புட்டுட்டு வந்து, என்ற கையாலயே போட்டனே" என்றாள். சத்தமாக இல்லை. என்னிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

மே 7, புதன்

அவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஆபரேசன் வேண்டாம் என்று சொன்னாள். அம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. அம்மா நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அவள் வாயே திறக்கவில்லை. அதுவே என்னைக் குத்துவதற்குத்தான்.

போட்டி முடியட்டும், நிறுத்துகிறேன் என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். "போன வருசமும் போட்டி இருந்துச்சு. அடுத்த வருசமும் இருக்கும்" என்றாள். நான் என்ன விஷமா கொடுக்கச் சொன்னேன் அவளை? அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேர், இந்த மரியாதை. மாஸ்டர் சம்சாரம் என்று எத்தனை பேர் வழி விடுகிறார்கள்.

மே 9, வெள்ளி

காலையில் மேகலா எப்போதும்போலக் குளித்தாள். விளக்கேற்றினாள். வெந்நீர் டம்ளரும் குப்பியும் சிரிஞ்சும் தட்டில் வைத்து ரூமுக்குக் கொண்டுவந்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். குப்புறப் படுக்கப் போனேன்.

"அத்தை, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அம்மா பூப்பறித்த கையோடு வந்தாள். மேகலா மருந்தை ஏற்றி, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, சிரிஞ்சை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இத்தன நாளும் நாந்தான் போட்டேன், இன்னைக்கு நீங்க போடுங்க அத்தை. இது வைட்டமின் இல்லையாமா. இதப் போட்டா உங்க பையன் தோளு நிக்கும். ஆனா உங்களுக்குப் பேரன் வராது. கோயம்புத்தூர் டாக்டரு சொல்லிட்டாராமா. உங்க பையனுக்கு முன்னாலயே தெரியும். ஜெகங்கிட்டப் போன் பண்ணிக் கேட்டுத்தான் தெரிஞ்சுது, அவருக்கும் தெரியுமாமா. எனக்குத்தான் தெரியாது. என்ற வயித்துல ஓட்டை போட நாளும் குறிச்சாச்சு."

அம்மா சிரிஞ்சைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இவ என்னமோ சொல்றா. நெசமா?"

நான் வெந்நீர் டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன்.

"நெசமாடா? அன்னைக்கு மண்டபத்துல அத்தன பேரு முன்னால இவள எந்திரிச்சுப் போகச் சொன்னனே, நீ பக்கத்துல தானே நின்ன?"

"போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்குதும்மா. அதுக்கப்புறம் நிறுத்திடறேன். இப்பப் போடு" என்றேன். திரும்பிக் குப்புறப் படுத்தேன்.

நான் காத்திருந்தேன். ஃபேன் ஓடியது. தட்டில் சிரிஞ்சை வைக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அம்மாவின் கொலுசில்லாத கால் நடந்து போவது. ஹாலில் அவள் பேசியது நன்றாகக் கேட்டது.

"துணிமணிய எடுத்து வெய்யி கண்ணு. உங்க அண்ணன் ஊட்டுக்கு நானே கொண்டாந்து உட்டர்றேன். அவிங்ககிட்ட நாஞ் சொல்றேன், கொறை யாருதுன்னு. ஊருக்கும் நானே சொல்றேன்."

பீரோ திறந்தது. பை ஜிப் இழுபட்டது. வாசலில் ஆட்டோ வந்து நின்று போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அப்படியே படுத்திருந்தேன்.

பிறகு எழுந்தேன். மருந்து ஆறிக் கெட்டியாகியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டேன். கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்து, இடம் பிடித்து, நானே போட்டுக்கொண்டேன்.